கடைசி நிலையத்தின் பெயர்

லோறென்ஸ்கூக்
4 பெப்ரவரி 2007

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான், ஜெயா, சாருகா மூவரும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் வலிக்குப் புதிய மருந்து தொடங்கியதாக எழுதியிருந்தீர்கள். குணமா இல்லையா என்று எழுதவில்லை.

இத்துடன் உங்கள் பத்திரிகைக்கு ‘ஒஸ்லோ நாள்கள்’ முப்பத்தோராவது கட்டுரை வருகிறது. வழமைபோல் கையெழுத்துப் பிரதிதான். கணினியில் தமிழ் அடிக்கப் பழக்கித் தருவதாகச் சாருகா சொல்கிறாள். பேனை பிடித்தால்தான் எனக்கு வசனம் வருகிறது.

டிராம் பெட்டிகளைக் கூட்டித் துடைக்கும்போது இருக்கைகளில் கிடக்கும் பத்திரிகைகளைப் பொறுக்கி வந்து, அவற்றிலிருந்து விஷயம் எடுப்பது என் பழக்கம். இந்த முறை அவை உதவவில்லை. துறைமுகத்தை அகற்றுகிறார்கள், ஒபரா மண்டபம் கட்டுகிறார்கள் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். இந்த நகரத்தில் எங்கள் சனத்துக்குள்ளும் ஏதோ மாறுகிறது. அதை யாரும் எழுதவில்லை. எங்கள் பெண்களில் சிலர் அடி வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க மறுக்கிறார்கள். ஜெயா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அப்படி ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளோடு புருசனை விட்டு வெளியேறி, நாலு மாதம் அடைக்கல வீட்டில் இருந்து, இப்போது தனியாக ஒரு பிளாட் எடுத்திருக்கிறாள். அவளைப் பற்றித்தான் எழுதினேன். ஜெயா சமையலறையில் சொன்னவை. ஜெயாவுக்கு இன்னும் காட்டவில்லை. அச்சில் வந்தபின் காட்டலாம் என்று இருக்கிறேன்.

பெயர் போடவில்லை. இடத்தையும் ‘சுரங்க ரயில் பாதை ஒன்றின் கடைசி நிலையம்’ என்று மட்டும் விட்டிருக்கிறேன். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, அது மோர்டென்ஸ்ருட். நகரத்தின் தெற்கு விளிம்பு. காட்டுக்குப் பக்கத்தில் மாடி வீடுகள். எங்கள் ஆட்கள் பலர் அங்கே இருக்கிறார்கள்.

பாலேந்திரன் அண்ணையை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி
சச்சிதானந்தன்


வெள்ளவத்தை, கொழும்பு
2 மார்ச் 2007

அன்புள்ள தம்பி சச்சிக்கு,

என் முழங்காலை விடு, அது என்னோடுதான் வரும். நீங்கள் மூவரும் குளிரில் கவனமாக இருக்க வேண்டும். சாருகா தொப்பி போடாமல் திரிவதாக ஜெயா முன்பொருமுறை போனில் குறைப்பட்டாள்.

உன் கட்டுரை போன ஞாயிறு வந்துவிட்டது. இருபத்தாறு வருசமாக இந்த மேசையில் இருந்து பிழை திருத்துகிறேன். ஒரு பிரதியைத் திருத்த மறந்து வாசித்துக்கொண்டே போனது அபூர்வம். அவள் யன்னலடியில் நின்று அழுவதாக முடித்திருந்தாயே, அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

ஆசிரியர் பாலேந்திரன் வாசித்துவிட்டு, “நல்லாய் எழுதியிருக்கிறான். ஆனா எந்த ஸ்ரேசன் எண்டு இல்லையே, சிவநாயகி? இடம் இல்லாட்டிக் கற்பனை எண்டு நினைப்பினம்” என்றார். உன் கடிதம் பக்கத்தில் கிடந்தது. மோர்டென்ஸ்ருட் என்று சேர்த்துவிட்டேன். ஒரு சொல்தான். கட்டுரை உடனே நிலத்தில் காலூன்றி நின்றது.

இப்போது இணையத்திலும் போடுகிறார்கள். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் நாலு கடிதம் வந்திருக்கிறது. இப்படியே மனிதரைப் பற்றி எழுது. பாலங்களும் கிரேன்களும் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இங்கே சோதனைச் சாவடிகள் கூடிவிட்டன. அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கவும் போவதில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பாதை இன்னும் திறக்கவில்லை.

ஜெயாவுக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

அக்கா
சிவநாயகி


ஒஸ்லோ
6 மே 2007

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதமும் பத்திரிகையும் கிடைத்தன. பதில் எழுதப் பிந்திவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை.

இத்துடன் கட்டுரை ஒன்று வைத்திருக்கிறேன். பழைய துறைமுகத்தில் கொள்கலன்கள் இருந்த இடத்தைப் பற்றியது. அடுத்த கட்டுரையும் அநேகமாக அந்தப் பக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

ஒரு வேண்டுகோள். இனி என் பிரதியில் எதையும் சேர்க்க வேண்டாம். காற்புள்ளிகூட. பிழை இருந்தால் பிழையோடு வரட்டும்.

மருந்தை நிறுத்தாமல் எடுங்கள்.

சச்சிதானந்தன்


வெள்ளவத்தை, கொழும்பு
17 யூன் 2007

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மொத்தம் பதினைந்து வரி. அதில் இரண்டு வரி எனக்குப் புத்தி சொல்கிறது. ‘காற்புள்ளிகூட’ என்று எழுதியிருக்கிறாய். நீ எட்டாம் வகுப்பில் எழுதிய கட்டுரைக்கே நான்தான் பிழை திருத்தினேன். பரவாயில்லை. சொன்னபடியே செய்தேன். கொள்கலன் கட்டுரையில் இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை, அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அந்தக் கட்டுரையில் ஒரு மனிதரும் இல்லை. கிரேனை இயக்கியவன் யார், அவன் இப்போது எங்கே என்றுகூட நீ கேட்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதிய கைதானா இது என்று பாலேந்திரன் கேட்டார். அவள் இப்போது எப்படி இருக்கிறாள்? வாசகர்களும் கேட்கிறார்கள்.

ஜெயா ஒரு வரி எழுதவில்லை. போன சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். சாருகா கதைத்தாள்.

“அப்பா எங்கை பிள்ளை?”

“அப்பா வெளியாலை, மாமி.”

“எப்ப வருவார்?”

“தெரியேல்லை.”

அவளிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. வளர்ந்துவிட்டாள் போலும்.

இந்த மாதம் இங்கே லொட்ஜுகளில் தங்கியிருந்த எங்கள் சனத்தைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினார்கள். எங்கள் ஒழுங்கையிலும் வந்தார்கள். என்னிடம் பொலிஸ் பதிவுத்துண்டு இருந்தது. பயப்படாதே.

சுகமாயிருந்தால் விவரமாக எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

அக்கா


ஒஸ்லோ
30 செப்ரெம்பர் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதறிந்து ஆறுதல். நானும் அப்படித்தான். கடற்காற்று உடம்புக்கு நல்லது என்கிறார்கள். போன வருச இருமல் இல்லை.

நகரத்தைச் சுற்றி இணைத்த புதிய ரயில் வட்டம் பற்றிக் கட்டுரை வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி இனி எழுதுவதாக இல்லை. வாசகர்களுக்கு அப்படியே சொல்லிவிடுங்கள். ஜெயாவுக்கு வேலை அதிகம். சாருகா பல்கலைக்கழகம் தொடங்கிவிட்டாள்.

சச்சிதானந்தன்


வெள்ளவத்தை, கொழும்பு
9 டிசெம்பர் 2007

சச்சி,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை. நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தபின் விசாரிக்கிறேன்.

அலுவலகத்தில் ஒருவரின் மகளுக்கு முத்திரை சேர்க்கும் ஆசை. உன் கடிதவுறையைக் கொடுக்க எடுத்தபோதுதான் அதன் மேல் தபால் கந்தோர் குத்திய முத்திரையை வடிவாகப் பார்த்தேன். ஹம்மர்பெஸ்ட் என்று இருக்கிறது. முந்திய உறையைத் தேடி எடுத்தேன். அதிலும் அரைகுறையாக அதே எழுத்துகள். எண்பத்தேழில் நீ முதன்முதல் போய் இறங்கி, மீன் தொழிற்சாலையில் கை விறைக்க வேலை செய்த ஊர். இரண்டு மாதம் சூரியனே வராது என்று எழுதுவாய். ஒஸ்லோவுக்கு மாறிய அன்று, இனி அந்தத் திசைக்குத் தலை வைத்தும் படுக்கேன் என்று எழுதினாய்.

உன் கட்டுரைகளுக்கு மேல் ‘ஒஸ்லோவிலிருந்து எமது நிருபர்’ என்று நாங்கள் அச்சிடுகிறோம்.

அங்கே என்ன செய்கிறாய்? ஜெயாவுக்குத் தெரியுமா? உடம்புக்கு ஏதும் வந்து ஒளிக்கிறாயா?

அக்கா


வெள்ளவத்தை, கொழும்பு
24 பெப்ரவரி 2008

அன்புள்ள ஜெயாவுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தம்பிக்கு எழுதி இரண்டரை மாதமாகிறது. பதில் இல்லை. பத்திரிகைக்கு மட்டும் தைப்பொங்கலுக்கு முன் ஒரு கட்டுரை வந்தது. புதிய நூலகத்துக்கு எந்த இடம் என்ற விவாதம். உள்ளே எனக்கென்று ஒரு துண்டுகூட இல்லை.

உங்கள் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எங்கள் அம்மா போனபின் அவனை வளர்த்தவள் என்ற முறையில் கேட்கிறேன். அவன் உயிரோடு, புத்தி தெளிவோடு இருக்கிறானா என்பதையாவது எழுது.

உன் மச்சாள்
சிவநாயகி


லோறென்ஸ்கூக்
16 மார்ச் 2008

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நானும் சாருகாவும் சுகம். அவரும் சுகமாகத்தான் இருக்கிறார். ஹம்மர்பெஸ்டில் பழைய தொழிற்சாலையிலேயே வேலை. இங்கே வரும் உங்கள் கடிதங்களைச் சாருகாதான் அவருக்கு அனுப்பிவைக்கிறாள். ஞாயிறு தோறும் அவளோடு போனில் கதைப்பார். நகரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பார். அவள் போய்ப் பார்த்துச் சொல்வாள். கட்டுரைகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. அதை இவ்வளவு காலம் உங்களுக்கு எழுதாமல் விட்டது என் பிழை.

நடந்ததை எழுதுகிறேன். சுருக்கமாக எழுதத்தான் என்னால் முடியும்.

போன வருசம் அவர் எழுதிய பெண்ணின் பெயர் கமலேஸ்வரி. என்னோடு ஒரே பிரிவில் வேலை. அவள் எங்கே இருக்கிறாள் என்பது அவளுடைய புருசனுக்குத் தெரியக்கூடாது என்று அரசாங்கம் முகவரியை மறைத்து வைத்திருந்தது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில்கூட இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது, அவள் என்னை நம்பியதால்.

கட்டுரை வந்து மூன்றாவது கிழமை அந்த மனிதர் மோர்டென்ஸ்ருட் நிலையத்தடியில் போய் நின்றிருக்கிறார். மூன்று நாள் நின்றாராம். நாலாம் நாள் பின்னேரம் அவள் பிள்ளைகளோடு ரயிலால் இறங்கினாள். படியில் வைத்துத் தள்ளியதில் அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. பெரியவள் ஓடிப்போய்க் கடைக்காரரைக் கூட்டி வந்தாள். பொலிஸ் அவரைப் பிடித்தபோது சட்டைப்பையில் அந்தப் பக்கம் இருந்தது. இணையத்திலிருந்து அச்செடுத்து, நாலாக மடித்து.

அவளை அன்றிரவே வேறு இடத்துக்கு மாற்ற முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் பிளாஸ்டர். பொலிஸ் கொடுத்த அதன் பிரதியை மேசையில் வைத்து, “ஜெயாக்கா, இதை ஆர் எழுதினது?” என்று கேட்டாள். வாசித்தேன். நான் சமையலறையில் சொன்ன வசனங்கள் வரிசையாக இருந்தன. அவர் பக்கத்தில் நின்றார்.

“ஊர்ப் பேரை ஏன் போட்டனீங்கள்?” என்று நான் அவரைக் கேட்டேன்.

“நான்தான் எழுதினனான்” என்றார்.

“ஒரு பொம்பிளையின்ரை வீட்டை ஒளிச்சு வைக்க எத்தினை பேர் பாடுபட்டவை தெரியுமோ?” என்று கேட்டேன்.

நான் அவரைத் துரத்தவில்லை. அவளும் பிள்ளைகளும் இங்கே இருக்கும் மட்டும் வேறெங்காவது போய் இருங்கோ என்று சொன்னேன். மூன்று கிழமையில் அவளுக்கு வேறோர் ஊரில் வீடு கொடுத்தார்கள். வேலையும் போய், பிள்ளைகளின் சிநேகிதங்களும் போய், அவள் போனாள். அவர் திரும்பி வரவில்லை. நானும் வாங்கோ என்று கூப்பிடவில்லை.

கோடையில் அவருடைய அலுமாரியை ஒதுக்கும்போது கட்டுரைகளை முதலில் எழுதிப் பார்க்கும் கொப்பி அகப்பட்டது. அந்தக் கட்டுரை இருந்தது. மோர்டென்ஸ்ருட் என்ற சொல் அதில் இல்லை. அது கொழும்பில் சேர்ந்திருக்க வேண்டும். இதை நான் அவரிடமும் கேட்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாருகாவிடம்கூட.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, மச்சாள். கேட்டீர்கள், எழுதினேன்.

ஜெயகுமாரி


வெள்ளவத்தை, கொழும்பு
11 மே 2008

அன்புள்ள தம்பி சச்சிக்கு,

சுகமாக இருக்கிறாய் என்று ஜெயா எழுதினாள். அந்த ஊர்க் குளிருக்குக் கையுறை இரண்டு சோடியாவது வைத்திரு.

ஜெயாவின் கடிதம் வந்து ஏழு கிழமையாகிறது. எட்டுமுறை எழுதத் தொடங்கிக் கிழித்தேன். உன் ஒபரா மண்டபக் கட்டுரையும் வந்தது. கூரையில் சனம் ஏறிப்போன திறப்பு விழாவை நேரில் நின்றவன் போல எழுதியிருக்கிறாய். அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. என் இழுப்பறையில் இருக்கிறது.

அந்தச் சொல்லைச் சேர்த்தது நான். நீ கடிதத்தில் எனக்கென்று எழுதியதை எடுத்துக் கட்டுரைக்குள் வைத்தேன். ஏன் விட்டிருக்கிறாய் என்று யோசிக்கவில்லை. என்னுடைய முகவரியை யாருக்கும் கொடுக்காமல், கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிற நான், அவளுக்கும் ஒளித்திருக்கக் காரணம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கட்டுரை வடிவாக வர வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அது வந்த பிறகு, அவள் எப்படி இருக்கிறாள் என்று வேறு கேட்டு எழுதியிருக்கிறேன்.

நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை? என் மனம் நோகும் என்றா? உன் பெண்சாதி முன்னால் என் பிழையை நீ எடுத்துக்கொண்டு அந்தப் பனிக்குள் போயிருக்கிறாய். அது எனக்குச் செய்த உபகாரமில்லை, சச்சி. ஒரு வருசம் நான் சந்தோசமாக இருந்திருக்கிறேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பாலேந்திரனிடம் சொல்லிவிட்டேன். “வருத்தம் தெரிவிச்சு முன்பக்கத்திலை போடுவம். நீர் எழுதித் தாரும்” என்றார். எழுதினேன். எட்டு வரி. அச்சிடுமுன் கமலேஸ்வரியின் சம்மதம் வேண்டும். அவளுக்கு ஒரு கடிதமும் அந்த எட்டு வரியும் ஜெயாவுக்கு அனுப்பியிருக்கிறேன். எங்கே என்று கேட்கவில்லை. கொடுத்துவிடு என்று மட்டும் எழுதினேன்.

அக்கா


ஹம்மர்பெஸ்ட்
8 யூன் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

கையுறை மூன்று சோடி இருக்கிறது. இங்கே இப்போது சூரியன் மறைவதில்லை. தடித்த திரை போட்டுத்தான் படுக்கிறேன்.

சொல்லை நீங்கள் சேர்த்தீர்கள். அதை உங்களுக்கு எழுதித் தந்தது நான். ஜெயா நம்பிச் சொன்னதை எடுத்து எழுதியதும், அவளுக்குக் காட்டாமல் அனுப்பியதும் நான். பிழை எங்கே தொடங்கியது என்று பார்த்தால் என் மேசையில். உங்களைக் காப்பாற்றுவதற்காக மட்டும் நான் பேசாமல் இருக்கவில்லை. ‘அக்கா சேர்த்தவ’ என்று சொல்லியிருந்தால் ஜெயா பாதிக் கோபத்தை உங்கள் மேல் வைத்திருப்பாள். மீதிப் பாதியோடு நான் அந்த வீட்டிலேயே இருந்திருப்பேன். கமலேஸ்வரி பிளாஸ்டர் கையோடு எங்கள் மேசையில் சோறு சாப்பிடுவதைப் பார்த்தபின் அப்படி இருக்க விருப்பம் வரவில்லை.

அதன்பிறகு மனிதரைப் பற்றி எழுதப் பேனை ஓடவில்லை. கட்டடத்தின் முகவரி வெளியில் தெரிந்தால் ஒன்றும் நடக்காது. ஆனால் எழுதாமல் விடவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாருகா அரை மணித்தியாலம் நகரத்தைப் பற்றிச் சொல்வாள். என்னோடு அவள் கதைப்பதற்கு அது ஒரு சாட்டாக இருந்தது. கட்டுரை நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று பயந்தேன்.

ஒஸ்லோவிலிருந்து என்று போட்டது பொய்தான். ஒபரா கட்டுரையைக் கிழித்துவிடுங்கள்.

தம்பி


3 ஓகஸ்ட் 2008

மதிப்புக்குரிய சிவநாயகி அம்மாவுக்கு,

வணக்கம். ஊர்ப் பெயர் எழுதவில்லை, குறை நினைக்க வேண்டாம். ஜெயாக்கா மூலம் உங்கள் கடிதம் வந்தது. நானும் பிள்ளைகளும் சுகம். கை சரியாகிவிட்டது. குளிருக்கு மட்டும் கொஞ்சம் நோகும்.

நீங்கள் எழுதிய எட்டு வரியையும் வாசித்தேன். நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அச்சிட வேண்டாம். அதை வாசிக்கிறவர்கள் எந்தக் கட்டுரை என்று தேடுவார்கள். மறந்தவர்களுக்கும் ஞாபகம் வரும். இங்கே எங்களை ஒருவருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும். இணையத்தில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டால் போதும். என்னுடைய பெரிய பிள்ளை தமிழ் வாசிக்கப் பழகுகிறாள். அதற்கு முன் எடுத்தால் நல்லது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் யன்னலடியில் நின்று அழுததாகக் கட்டுரை முடிகிறது. நான் அழவில்லை. அன்றைக்கு எனக்கு வாகனம் ஓட்டுகிற தியரிப் பரீட்சை. யன்னலடியில் வெளிச்சம் நல்லது என்று நின்று புத்தகம் பார்த்தேன். கண்ணில் ஒரே தண்ணி, ஏனென்றால் சின்னவனுக்கு வெங்காயம் போட்டு முட்டை பொரித்துவிட்டு வந்திருந்தேன். ஜெயாக்காவுக்குச் சிரித்துக்கொண்டுதான் அதைச் சொன்னேன். பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அது கட்டுரையில் இல்லை. அடித்ததெல்லாம் இருக்கிறது. அதை வாசித்தபோது கை முறிந்ததை விட அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

அந்த அண்ணை வீட்டை விட்டு வடக்கே இருக்கிறார் என்று ஜெயாக்கா சொன்னா. நான் அப்படிக் கேட்கவில்லை. அவர் அங்கே இருப்பதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

இந்தக் கடிதத்தையும் அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு
கமலேஸ்வரி


லோறென்ஸ்கூக்
19 ஒக்ரோபர் 2008

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே எழுதியிருக்கும் இடத்தில்தான் இருக்கிறேன். பத்து நாள் லீவில் வந்தேன். முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று டொக்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்ல செய்தி. கமலேஸ்வரி எழுதியதை நீங்கள் பிரதி எடுத்து அனுப்பியது ஓகஸ்ட் கடைசியில் கிடைத்தது. இணையத்தில் அந்தப் பக்கம் இல்லை என்று சாருகாவும் தேடிப் பார்த்துச் சொன்னாள். அலுவலகத்துப் பழைய இதழ்க் கட்டிலிருந்தும் நீங்கள் அதை வெட்டி எடுத்ததற்குப் பாலேந்திரன் அண்ணை இரண்டு நாள் உங்களோடு கதைக்கவில்லை என்பதை வாசித்துச் சிரித்தேன்.

சாருகா விமான நிலையத்துக்கு வந்தாள். நேரே ஒபரா மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். முதல்முறையாகப் பார்க்கிறேன். சரிந்த வெள்ளைக் கல் தண்ணீருக்குள் இறங்குகிறது, அதுவரைக்கும் நான் எழுதியது சரி. சனம் கோயிலுக்குப் போவது போல மௌனமாக ஏறியதாக எழுதியிருந்தேன். அங்கே ஒரே சத்தம். பிள்ளைகள் வழுக்கி விளையாடினார்கள். ஒரு கிழவர் சப்பாத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு பாணும் மீனும் சாப்பிட்டார். போலந்துக்காரர் இரண்டு பேர் தாங்கள் பதித்த கல் எது என்று பெண்சாதிமாருக்குக் காட்டி வாக்குவாதப்பட்டார்கள்.

“திறந்த நாளிலும் இப்பிடித்தான் இருந்தது அப்பா. நான் போனிலை எல்லாம் சொன்னனான். நீங்கள்தான் எழுதேல்லை” என்றாள் சாருகா.

சொன்னதுதான். வசனத்துக்கு வடிவாக வராதவற்றை நான் விட்டுவிட்டேன். பரீட்சையும் வெங்காயமும் போனது போல.

ஜெயா அன்றைக்குச் சோறு போட்டாள். அதிகம் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, “வெளிக்கிடுங்கோ, ஓரிடத்துக்குப் போகவேணும்” என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. காரை அவள்தான் ஓட்டினாள். எவ்வளவு நேரம் ஓடினோம் என்றும் எந்தப் பக்கம் என்றும் எழுதமாட்டேன். ஒரு வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, “நீங்கள் வந்திருக்கிறது அவளுக்குத் தெரியும். கூப்பிட்டால் வாங்கோ. இல்லாட்டி இருங்கோ” என்று சொல்லி உள்ளே போனாள்.

காருக்குள் இருந்தேன். இருபது நிமிசமாவது இருந்திருப்பேன். கூப்பிடாமல் விடுவதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே திரும்பிப் போவதற்கும் மனதைப் பழக்கிவிட்டேன்.

கதவு திறந்தது. கமலேஸ்வரிதான். மேலங்கி போடாமல், வீட்டுச் செருப்போடு காரடிக்கு வந்து கண்ணாடியில் தட்டினாள். இறக்கினேன்.

“குளிருக்குள்ளை ஏன் இருக்கிறியள் அண்ணை? உள்ளுக்கை வாங்கோ” என்றாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை” என்று சொன்னேன்.

அவள் கை இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு, “மனசிலை அந்த நோவு இன்னும் இருக்குது அண்ணை. இல்லை எண்டு சொல்லமாட்டன். தேத்தண்ணி ஆறுது, வாங்கோ” என்றாள்.

போனேன். இருட்டும் வரை இருந்தோம்.

எனக்கு ஹம்மர்பெஸ்டில் வேலை டிசெம்பரில் முடிகிறது. திரும்பி வரும்போது காரில் அதை ஜெயாவிடம் சொன்னேன். ஒரு சந்தி கழிந்தபின், “பிறகு வீட்டுக்கு வரலாம்” என்றாள். வாங்கோ என்று சொல்லவில்லை. வரலாம் என்றாள். எனக்கு அது போதும்.

‘ஒஸ்லோ நாள்கள்’ இனி வராது என்று பாலேந்திரன் அண்ணையிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கிழவரும் போலந்துக்காரரும் மனதில் நிற்கிறார்கள். எழுதினால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். பெயர் தெரியாது, எங்கே தேடுவது என்றும் தெரியாது.

அக்கா, அந்த வீட்டைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். பிள்ளைகள் எப்படி, என்ன கதைத்தோம், அவள் முகம் எப்படி இருந்தது என்று. எல்லாம் பார்த்தேன். எல்லாம் ஞாபகமிருக்கிறது. உங்களுக்கும் எழுதப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி
சச்சி